நிருபர்களே, கூடவே இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் பள்ளிகளில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று ஒரு கட்டுரைப் போட்டி, மறுநாள் உங்கள் பத்திரிகையில் பரிசு வாங்கிய பிள்ளைகளின் படம். வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தரையாவது உங்கள் நிருபர் கூடவே கூட்டிப்போய் ஒரு செய்தி எழுத வைத்திருக்கிறாரா?

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் ஒன்பதாவதும் பதினொன்றாவதும் படிக்கும் மூன்று பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதச் சொல்லித் தருகிறேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினதே, அப்போது ஒரு பெண் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். 'கடல் மாசடைந்ததால் ஆலிவ் ரிட்லி ஆமைகள் அழிகின்றன' என்பது முதல் வரி. மாசுதான்னு யாரும்மா சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானே தாத்தா எழுதுறாங்க" என்றாள்.

சரி என்று அடுத்த சனிக்கிழமை விடியற்காலை மூன்று பேரையும் குப்பத்துக்குக் கூட்டிப் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "பங்குனி ஆமையாம்மா? அது மூச்சு விட மேல வரணும், இழுவலையில மாட்டினா எப்படி வரும்?" என்றார். பாடப்புத்தகத்தில் படித்த ஆலிவ் ரிட்லிக்கு நம் ஊரில் பங்குனி ஆமை என்று பேர் இருப்பதே பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் நான்கு ஆமைகள் கிடந்தன, கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. மூழ்கிச் செத்தால் அப்படி ஆகும் என்று அப்புறம் அந்தப் பெண் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். இழுவலை போடும் விசைப்படகுக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டாமா என்றேன். அப்பாவோடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்தாள். ஆமை தப்பிப்போக வலையில் கருவி பொருத்தினால் மீனும் இறாலும் சேர்ந்து போய்விடுகிறது என்பது அவர்கள் கஷ்டம், அதையும் சேர்த்தாள். நான்கு முறை திருத்தி எழுதினாள். கடைசியில் முதல் வரி, 'சனிக்கிழமை காலை 6 மணிக்குத் திருவான்மியூர் கரையில் நான்கு ஆமைகள் செத்துக் கிடந்தன' என்று வந்து நின்றது.

இதை என்னைவிட உங்கள் நிருபர்கள் நூறு மடங்கு நன்றாகச் சொல்லித் தருவார்கள். யாரை முதலில் கேட்பது, அதிகாரி பேச மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படி மனுப் போடுவது, 30 நாளில் பதில் வரவில்லையென்றால் என்ன செய்வது, இதெல்லாம் வகுப்பறையில் வராது. ஒரு பள்ளியில் கேட்டுப் பார்த்தேன், மார்க் குறைந்துவிடும் என்றார்கள். அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை.

வெளிநாட்டில் 1994-லேயே 'சுற்றுச்சூழலுக்கான இளம் நிருபர்கள்' என்று பிள்ளைகளைச் செய்தி எழுத வைக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நம்ம ஊரில் 1988-லிருந்து மாணவர்கள் இராத்திரி கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு எழுதவும் வரும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனபோது, வலையிலும் படகிலும் ஒட்டின எண்ணெயைத் துடைத்த வீடுகளில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்திருக்காதா? கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையை மூச்சில் வாங்குகிற பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்தால் என்றைக்குப் புகைந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கும்.

உங்கள் சென்னை நிருபர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள், பகலில் மட்டும் கூட்டிப் போங்கள், குப்பைமேட்டின் மேலோ ஆலைக்குள்ளோ பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். மாதம் ஒரு அரைப்பக்கம் அவர்களுக்கு ஒதுக்குங்கள், பேரோடு.

அந்தப் பெண் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். போட இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை, உங்கள் மேஜையில் யாராவது சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புங்கள். தினமும் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருவான்மியூர், சென்னை - 41