பாலையாவின் முகத்தையும் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

ஸ்ரீதர் இயக்கி 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யை அண்மையில் முழுதாகப் பார்த்தேன். துணுக்குக் காட்சிகளாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது வேறு படமாகத் தெரியும்.

நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்தை எல்லோரும் புகழ்கிறோம். சத்தம், கதவு, காலடி எல்லாமே அவர் வாய்தான், சரி. ஆனால் அந்தக் காட்சியின் பாதி, அவருடைய அப்பாவாக வந்து அதிகம் பேசாமலே நடிக்கும் டி.எஸ். பாலையாவுடையது. மகன் சினிமா எடுக்கப் போகிறான் என்பதையே நம்பாத அப்பா, அவன் சொல்லும் கதைக்கு மட்டும் நடுங்குகிறார்! கைபேசித் துணுக்குகளில் சட்டகத்தை வெட்டும்போது முதலில் போவது அவர் முகம்தான்.

இன்றைய கண்ணுக்கு உறுத்துவதும் உண்டு. மாப்பிள்ளையை அப்பா எடைபோடுவது பணத்தை வைத்து மட்டுமே. படம் அதைக் கிண்டல்தான் செய்கிறது. ஆனால் பொய் சொல்லிப் பெண் கேட்பதை விளையாட்டாக விட்டுவிடுகிறது. அப்புறம், சச்சுவின் பாத்திரத்துக்கு இன்னும் நாலு வசனம் கொடுத்திருக்கலாம்.

தொலைக்காட்சிகள் இத்தகைய படங்களை வெட்டாமல், பக்கவாட்டை நறுக்காமல் ஒளிபரப்பினால் நல்லது. விளம்பரம் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும்.

– ஒரு வாசகர்