சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் வெளிமாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு: கோரிக்கை மனு

அனுப்புநர்:
சேகோ ஆலை இயந்திரப் பராமரிப்பாளர்கள், மேற்பார்வையாளர்கள்,
ஆத்தூர் வட்டாரம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், சேலம்.

பொருள்: அரவை, கழிவுநீர்க் குழி, மூட்டை சுமக்கும் வேலைகளில் பாதுகாப்பு உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேகோவுக்காக அரைக்கும் மரவள்ளிக் கிழங்கில், பிடுங்கிய 2, 3 நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்துவிடும். மாவு வெண்மை இழக்கும். அதனால் லாரி வந்து இறக்கினால் இரவானாலும் அரவை ஓடியாக வேண்டும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் பலர் இந்த இரவு வேலையில் இருக்கிறார்கள். மூட்டைக் கணக்கில் கூலி தரும் இடங்களில் இயந்திரம் நின்றால் கூலியும் நிற்கும். ஆகவே கிழங்கு சிக்கினாலும் நிறுத்தாமல் கையால் தள்ளுகிறார்கள். இதை அவர்களுடைய அஜாக்கிரதை என்று எழுதி முடிப்பது நியாயமில்லை.

சுவிட்சை அணைத்த பிறகும் அரவை உருளை சிறிது நேரம் சுற்றும். அது நிற்கும் முன்பே மூடியைத் திறக்கிறார்கள். அதைவிடக் கொடியது, ஒருவர் உள்ளே கை வைத்துப் பல் தகட்டைச் சுத்தம் செய்யும்போது மற்றொருவர் சுவிட்சைப் போட்டுவிடுவது. "போடாதே" என்று கத்தினாலும் தமிழ் தெரியாதவருக்குப் புரியாது. எனவே ஒவ்வொரு அரவை மோட்டாரின் மெயின் சுவிட்சுக்கும் பூட்டு வேண்டும். சுத்தம் செய்பவரிடமே சாவி இருக்க வேண்டும். கிழங்கு தள்ள மரக்கட்டை, மூடி திறந்தால் மோட்டார் நிற்கும் அமைப்பு ஆகியவற்றையும் கட்டாயமாக்க வேண்டுகிறோம்.

கழிவுநீர்க் குழியில் திப்பியும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) மாவும் புளித்து, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும்; வாயு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் மடிகிறார். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. வாயுமானியில் அளக்காமலும், மேலே கயிறு பிடிக்க ஆள் நிறுத்தாமலும் குழிக்குள் இறங்க அனுமதிக்கக் கூடாது. பம்பு வைத்து இறைக்க முடிந்த இடத்தில் ஆளை இறக்கவே வேண்டாம்.

சேகோ மூட்டை 90 கிலோ. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆணுக்குப் பரிந்துரைத்த வரம்பு 55 கிலோ. 90 கிலோ மூட்டை என்ற வியாபார வழக்கத்தை உடனே மாற்ற முடியாதென்றால், தள்ளுவண்டியும் இருவர் சேர்ந்து தூக்கும் முறையுமாவது வேண்டும்.

புதிதாக வருபவருக்கு முதல் நாள், கூலியோடு, அவர் மொழி பேசும் பழைய தொழிலாளி இயந்திரத்தருகே நின்று செய்து காட்டட்டும். இந்தியில் ஒரு தாளைச் சுவரில் ஒட்டுவது போதாது. பலருக்கு ஒடியா அல்லது சந்தாலிதான் தாய்மொழி.

அடுத்த அரவைப் பருவம் தொடங்கும் முன் தொழிலாளர் துறையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையும் இரவு நேரத்திலும் சேர்ந்து ஆய்வு செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட பணியாளர்கள்