நத்தையைக் கண்டுபிடித்தவளுக்கும் மற்றவர்களுக்கும்

என் முதல் படப்புத்தகம் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். உள்ளே உங்கள் யார் பெயரும் இல்லை. நன்றி சொல்ல அரைப் பக்கம் கேட்டேன். 32 பக்கத்தில் அதற்கு இடம் கிடையாது என்றார்கள். சரி, இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், என் போர்ட்ஃபோலியோவைத் திருப்பி அனுப்பிய பதிப்பாசிரியருக்கு. 20 படம் வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் இழைத்தது. உங்கள் பதில் மூன்றே வரி. அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாம் சுவரில் மாட்டுகிற படம், ஒரே குழந்தை ஓடுவதையும் அழுவதையும் தூங்குவதையும் வரைந்து அனுப்புங்கள் என்றீர்கள். கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து வரைந்தால், ஓடுகிற பையனும் அழுகிற பையனும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்களே தவிர ஒரே ஆளாக இல்லை. ஒரு படத்தில் காது கண்ணுக்கு நேராக இருந்தது, இன்னொன்றில் வாய்க்கு நேராக இறங்கியிருந்தது. அப்புறம் ஒரு நோட்டு முழுக்க அவனை மட்டுமே வரைந்தேன். முன்னால், பக்கவாட்டில், முதுகுப்புறம், குனிந்தபடி, கொட்டாவி விட்டபடி. அவன் தலையைப் போல மூன்றரை மடங்கு உயரம் என்று அளவு வைத்துக்கொண்ட பிறகுதான் பையன் பிடிபட்டான். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இந்த வேலை கிடைத்தது.

நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு. கதை வாசிக்கும் நேரத்தில் புத்தகத்தைப் பார்க்காதே, பிள்ளைகளின் கண்ணைப் பார் என்று மூலையில் உட்கார வைத்தீர்கள். வாசிப்பவர் ஒரு வரி முடிப்பதற்குள் அந்தக் கண்கள் படம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகின்றன. பெரியவர் எழுத்தை வாசிக்க, பிள்ளை படத்தை வாசிக்கிறது. ஆங்கிலேயப் படப்புத்தக ஓவியர் ராண்டால்ஃப் கால்டெகாட்டின் படங்களை எடுத்துக் கொடுத்ததும் நீங்கள்தான். 1938 முதல் அமெரிக்காவில் படப்புத்தக ஓவியத்துக்குத் தரப்படும் பதக்கத்தின் பெயராகத்தான் அவரை எனக்குத் தெரியும். 1886இல், 40 வயதுகூட ஆகாமல் இறந்துபோனவர், வரியில் இல்லாத கதையைப் படத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எழுத்தாளருக்கு நான் பட்ட கடன் பெரிது. எழுதுபவரும் வரைபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே புத்தகம் முடிந்துவிடுவது இந்தத் துறையில் சாதாரணம். நீங்கள் என் பென்சில் ஸ்கெட்சுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள். "மழை கொட்டியது, அவன் தொப்பலாக நனைந்தான்" என்ற வரிக்குப் பக்கத்தில் நான் மழையையும் நனைந்த பையனையும் வரைந்திருந்தேன். சொன்னதையே ஏன் வரைகிறாய் என்று என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக உங்கள் வரியை நீங்களே அடித்தீர்கள். ஒரு வரி எழுதுவது எவ்வளவு பாடு என்று தெரிந்த யாரும் இதைச் சின்ன உதவி என்று சொல்ல மாட்டார்கள்.

கலை இயக்குநருக்கு: 'வானத்தைக் காலியாக விடு, எழுத்து எங்கே உட்காரும்?' என்று நீங்கள் ஒன்பது முறை கேட்டீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அச்சகத்து அண்ணனுக்கு. திரையில் பளீரென்று இருந்த என் நீலம், தாளில் துவைத்த துணி மாதிரி வெளுத்து வந்தது. திரையில் ஒளி, தாளில் நான்கு மை, இரண்டும் ஒன்றாகாது என்று ப்ரூஃபை, அதாவது சோதனை அச்சை, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினீர்கள். ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நடு மடிப்பு விழுங்கிவிடும் என்பதுதான் உறைக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தில் நாய்க்குட்டியின் மூக்கு சரியாக மடிப்புக்குள் போயிருந்தது. "மூக்கில்லாத நாயைப் பார்த்தால் பிள்ளைகள் அழும்" என்று சொல்லி, மிஷினை ஓட்டாமல் எனக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கச் சொன்ன தோழிக்கு. இதற்கு முன் ஒரு இடத்தில் 12 படங்களை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டேன், அவை இன்று எங்கே எப்படி அச்சாகின்றன என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இல்லை. இந்த முறை பதிப்புரிமை என்னிடம், மூல ஓவியங்களும் என்னிடம். கையில் வந்த அட்வான்ஸ், ராயல்டியில் கழிந்த பிறகுதான் மேற்கொண்டு பணம் வரும் என்பதையும் நீ சொல்லித்தான் புரிந்துகொண்டேன். வருமா என்பது வேறு கதை.

கடைசியாக உனக்கு, குட்டி. வெள்ளைத்தாள்களை மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, பென்சிலில் வரைந்த டம்மியை உன் மடியில் வைத்தேன். 8ஆம் பக்கத்திலிருந்து இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாய். நடுவில் நான் பாடுபட்டு வரைந்த காட்சி போயே போச்சு, கதை உனக்குக் குறையவும் இல்லை. அந்தக் காட்சியை மறுநாளே எடுத்துவிட்டேன். பிறகு ஒரு பக்கத்தின் மூலையில் விரலை வைத்து, "இது எங்க போகுது?" என்றாய். அது மைக்கறை. மறைப்பதற்காக நத்தையாக மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். நான்கு பக்கம் தள்ளியும் அந்த நத்தையையே தேடினாய்.

இப்போது அது புத்தகம் முழுக்க ஊர்ந்து போகிறது, விரித்தால் தெரியும் ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும். 24, 25இல் காணவில்லை என்று நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். குடைக்குள் பார்.