ரைபிள் சுடுதலில் காற்றின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் பிரிவைப் பற்றி எழுதுவோர் வீரரின் மனஉறுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். காற்றையும் எழுத வேண்டும். அந்த இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் காற்று இப்பிரிவில் சுடும் .22 (0.22 அங்குல விட்ட) குண்டை அதைவிட அதிகமாகத் தள்ளிவிடும்.

குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய வரிப்பள்ளம் வலச்சுழியாக இருந்தால், வலப்புறமிருந்து வரும் காற்றில் குண்டு இடப்புறம் போவதோடு சற்று மேலேயும் ஏறும்; இடப்புறமிருந்து வரும் காற்றில் வலப்புறம் கீழே இறங்கும். குறிநோக்கியின் பக்கவாட்டுத் திருகை மட்டும் திருப்பினால் போதாது.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது கோணத்தில். சுடும் திசைக்கு 45 டிகிரி சாய்ந்து வீசும் காற்றுக்கு, நேர்ப் பக்கவாட்டுக் காற்றுக்கான திருத்தத்தில் பாதி போடுகிறார்கள். வேண்டியது 70 சதவீதம். பாதி என்பது 30 டிகிரிக்கு.

10, 30 மீட்டர் தூரங்களில் காற்றைக் காட்ட நட்டிருக்கும் கொடிகளில் முதல் கொடியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே திரும்பிய குண்டு மீதித் தூரம் முழுக்க அந்தச் சாய்விலேயே போகும். வேகமான தோட்டா குறைவாக விலகும் என்ற நம்பிக்கையும் .22-க்குப் பொருந்தாது, ஒலிவேகத்தைத் தாண்டிப் புறப்படுவதுதான் அதிகம் விலகும்.

சோதனைச் சுடுதலில் அடிக்கடி திரும்பி வரும் ஒரு காற்றுநிலையைத் தேர்ந்து அதற்கே திருகை அமைத்துக்கொள்ளட்டும். கொடி அந்நிலைக்கு வரும்வரை விசையில் விரல் வேண்டாம்.

இப்படிக்கு,
ரைபிள் பயிற்சியாளர் ஒருவர்