அத்தையோடு கூட நின்றவர்களுக்கு

வணக்கம்.

அத்தைக்கு மறதி நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் உங்களில் பலரிடம் அவசர அவசரமாக "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன். அது எனக்கே போதவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்று நிதானமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் போடவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் வங்கி கவுன்ட்டரில் இருந்த தங்கைக்கு. அத்தை ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அதே தொகையை எடுக்க வந்து நின்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அப்படியும் நீங்கள் எழுந்து வந்து, "திங்கட்கிழமையும் வந்தீங்களேம்மா, கொஞ்சம் உட்காருங்க" என்று நாற்காலி போட்டீர்கள். வீட்டில் யாரைக் கூப்பிடட்டும் என்று அவரையே கேட்டு, அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் போன் செய்தீர்கள். அன்று இரவு அத்தையின் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு நாள் விடாமல் வரவு செலவு எழுதுகிறவர் அவர். அந்த மாதப் பக்கத்தில் மின் கட்டணம் நான்கு முறை எழுதியிருந்தது. நான்கும் அதே குண்டுக் குண்டு எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அடியில் கூட்டல் மட்டும் போடவில்லை. எனக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அந்த வெற்று இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அம்மாவுக்கு நன்றி. எடுத்த எடுப்பில் பெரிய பெயர் எதையும் நீங்கள் சொல்லவில்லை. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி போலவே தெரியும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்று முதலில் அதையெல்லாம் பார்த்தீர்கள். அப்புறம்தான் ஒரு கடிகாரம் வரைந்து 11:10 மணி காட்டச் சொன்னீர்கள். எல்லா எண்களும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றன. 1906-லேயே ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் மூளையில் கண்டு சொன்ன நோய் இது, உங்கள் கவனக்குறைவு இல்லை என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடமே சொன்னீர்கள். நினைவு, கணக்கு, நிதானம் மூன்றும் சேர்ந்து வேலை செய்தால்தான் பணத்தைக் கையாள முடியும், அதனால் பலருக்குத் தடுமாற்றம் அங்கேதான் முதலில் தெரியும் என்று நீங்கள் விளக்கிய பிறகுதான் அந்த நான்கு வரிகள் எனக்குப் புரிந்தன.

வக்கீல் ஐயா, நீங்கள் என்னை வெளியே உட்காரச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கத் தகுதியில்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று சொல்லி, அவர் தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து வரச்சொல்லித் தனியாகப் பேசினீர்கள். தன் பணத்தை யார் பார்க்க வேண்டும், எதை விற்கக் கூடாது என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதினீர்கள். எழுதிக்கொடுத்தவர் புரிந்துகொள்ளும் நிலையை இழந்துவிட்டால் சாதாரண பவர் பத்திரம் பல நாடுகளில் செல்லாமல் போய்விடும், அப்புறம் நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் உரிமை கேட்டு அலைய வேண்டியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று நான் இழுத்ததை விடாமல் முடித்துக்கொடுத்தீர்கள். அத்தை பணமும் உன் பணமும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை மீறவில்லை.

பெரியப்பா மகன் அண்ணனுக்கு ஒரு தனி நன்றி. மாதா மாதம் ரசீதோடு கணக்கு அனுப்பு என்று நீங்கள் கேட்டபோது, என்னைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அது தப்பு. நீங்கள் கேட்டதால்தான் எனக்கு ஒழுங்கு வந்தது. சொந்தத்தில் வேறு யாரோ முணுமுணுத்தபோது அந்தக் கணக்கை எடுத்துக் காட்டி எனக்காகப் பேசியதும் நீங்கள்தான். பணம் எடுத்தால் என் போனுக்குத் தகவல் வருகிற மாதிரி செய்து, பரிசு விழுந்திருக்கிறது என்று அத்தையைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்த எண்ணையும் முடக்கிக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி.

கடைசியாக, அத்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. உங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை நிற்காது. வந்த மூன்றாம் நாளே "என் பர்ஸை எடுத்தது நீதான்" என்று அத்தை உங்கள் மேல் பழி போட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நீங்களோ ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், "வாங்கம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து தேடலாம்" என்று எழுந்தீர்கள். தலையணை உறைக்குள் இருந்தது. அதை நீங்கள் எடுக்கவில்லை, அவர் கை அதில் படும்வரை காத்திருந்தீர்கள். அந்தப் பர்ஸில் எப்போதும் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும், கையில் காசு இல்லை என்கிற பயம்தான் அவரை ஆட்டுகிறது என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். அப்புறம் அந்த ஒரு நாள். முந்தைய நாள்வரை நன்றாக இருந்தவர் திடீரென்று அலங்கமலங்க விழித்துக்கொண்டு உளறினார். நோய் முற்றிவிட்டது என்று நான் இடிந்துபோனேன். "ஒரே நாளில் இப்படி ஆகாது, வாங்க டாக்டரிடம்" என்று நீங்கள்தான் கிளப்பினீர்கள். சிறுநீரில் தொற்று. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டார். நீங்கள் இல்லையென்றால் நான் அதை விதி என்று விட்டிருப்பேன்.

நோட்டு இன்னும் ஓடுகிறது. உண்மைக் கணக்கு என் நோட்டில். அத்தை தன் நோட்டில் எண்களை மட்டும் எழுதுகிறார், சில நாள் அடியில் கோடும் போடுகிறார். போன மாதம் வங்கித் தங்கை வீட்டுக்கு வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் "உட்காரும்மா" என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

மற்றவர்களும் ஒருமுறை வாருங்கள். காலையில் வந்தால் நல்லது, சாயங்காலம் ஆனால் அவருக்கு நிலைகொள்ளாது. நான் யார் தெரிகிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம், பெயரைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
அத்தையின் மருமகள்