கைத்துப்பாக்கி குறித்து, ஹூஸ்டனிலுள்ள மகளுக்கு

அருவங்காடு,
நீலகிரி.

அன்பு மகள் தேன்மொழிக்கு, அம்மா எழுதுவது.

கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றியதைக் கோபம் என்று எண்ணிவிடாதே. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தபோது ஒருவன் பின்தொடர்ந்து வந்தான் என்று நீ சொன்ன அந்த ஒரு வரி என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. ஆனால் 31 ஆண்டுகள் கார்டைட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வெடிமருந்தை நிறுத்தும் அளந்தும் வாங்கிய சம்பளத்தில்தான் உன்னைப் படிக்கவைத்தேன். உன் அப்பாவோ வெலிங்டன் இராணுவ முகாமில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, நீ கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வது நேர்மையாகாது. ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீ மனத்தில் வைத்திருப்பது ரூகர் எல்சிபி என்ற மிகச் சிறிய பிஸ்டல். வெறும் எடை 266 கிராம், குழல் 2.75 அங்குலம், தோட்டா அடுக்கும் கூடான மேகசினில் ஆறு தோட்டா. பணியுடைப் பையில் போட்டால் வெளியே தெரியாது என்பதுதான் நீ சொன்ன காரணம். அந்தக் காரணத்தைச் சற்று நிறுத்தி யோசித்துப் பார். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடையில்லாத, 21 வயது நிறைந்தவர்கள் தனி உரிமமின்றியே கைத்துப்பாக்கியை உடன் கொண்டுசெல்லலாம் என்பது உண்மை. கிரீன் கார்டு இருப்பதால் உனக்கும் அது பொருந்தும். ஆனால் அதே சட்டம், மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு நுழைவதைக் குற்றம் என்கிறது. அப்படியானால் பன்னிரண்டு மணி நேரப் பணியில் அது உன் பையில் இருக்கவே முடியாது. காருக்குள் பூட்டிக் கிடக்கும். நீ அஞ்சுகிற அந்த நடை, கட்டடத்தின் கதவிலிருந்து கார் வரைக்குமான நடை. அந்த நேரத்தில் துப்பாக்கி காரில் இருக்கும், நீ வெறுங்கையோடு அதை நோக்கி நடந்துகொண்டிருப்பாய். இதை நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், அல்லது கவனிக்க விரும்பவில்லை. அந்த நடைக்கு மருத்துவமனைக் காவலரைத் துணைக்கு அழை, கூச்சப்படாதே, உன்னோடு பணி முடிக்கும் மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் மறுக்கமாட்டார்கள். கைத்துப்பாக்கி உனக்கு உதவக்கூடியது அதற்குப் பிறகு வரும் நேரங்களில்: பின்னிரவில் தனியாக ஓட்டி வரும் சாலையில், பெட்ரோல் நிரப்ப நிற்கும் இடத்தில், மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கும் நாள்களில். அப்போதெல்லாம் உன் உடலில் பணியுடை மட்டுமா இருக்கும்? இடைவார் இருக்கும், மேலே ஒரு சட்டையோ குளிர்ச் சட்டையோ இருக்கும். ஆகவே இருப்பதிலேயே மிகச் சிறியதுதான் வேண்டும் என்ற கட்டாயம் உனக்கு இல்லை.

அந்தக் கட்டாயம் இல்லாதபோது மிகச் சிறியதை ஏன் வாங்கக் கூடாது என்பதற்கு, போன ஆண்டு நான் உன்னிடம் வந்திருந்தபோது கண்ணால் கண்டதே போதும். விருந்தினர் விசாவில் வந்தவள், வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியைக் கையில் எடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், சுடுதளத்தில் நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நீ சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த இரண்டின் பெயரையும் எடையையும் ஆய்வகப் பழக்கத்தில் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன். எல்சிபியில் உன் முதல் குண்டு தாளின் நடுவில் விழுந்தது. இரண்டாவது தோள்பட்டைக்கு ஏறியது. நான்காவது தாளிலேயே இல்லை. அடுத்து நீ எடுத்த, அதைவிடச் சற்றுக் கனமான குளோக் 42-இல் ஆறு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் நின்றன. உன் கை அதற்குள் பழகிவிட்டது என்று நீ சொன்னாய். நான் அப்படி நினைக்கவில்லை.

குண்டு முன்னே பாயும்போது எவ்வளவு உந்தம் பெறுகிறதோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. இரண்டும் .380 என்ற ஒரே அளவுத் தோட்டாவைச் சுடுபவை என்பதால் உந்தம் ஏறக்குறைய ஒன்றே. அதை வாங்கிக்கொள்ளும் எடைதான் வேறு. 266 கிராம் உள்ள எல்சிபி, சுமார் 390 கிராம் உள்ள குளோக்கைவிட, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றலோடு உன் கையில் அடிக்கும். கைப்பிடியும் குட்டை, உன் சுண்டுவிரல் பிடிக்க இடமின்றி அடியில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். குழல் கைக்கு மேலே இருப்பதால் உதை நேராகப் பின்னால் வராமல் முனையைத் தூக்குகிறது. தூக்கிய முனையைத் திரும்ப இறக்கிக் குறியில் நிறுத்த மூன்று விரல் போதவில்லை. குறிபார்க்க மேலே இருக்கும் சிறு மேடுகளும் அதில் பெயருக்குத்தான் இருக்கின்றன. துப்பாக்கி சிறுத்தால் சுமப்பது எளிதாகும். சுடுவது அந்த அளவுக்குக் கடினமாகும். பல்லாண்டு சுட்டுப் பழகியவர் கையில் எல்சிபி நல்ல கருவிதான். நீ இப்போதுதான் தொடங்குகிறாய்.

தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். நம் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட்டுக்கு 1889-இல் ஏபெலும் டிவாரும் காப்புரிமை பெற்றார்கள். நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோசையும் சிறிது வாசலினோடு பிசைந்து கயிறு கயிறாக இழுத்தது. பிஸ்டல் தோட்டாவில் இன்று இருப்பது மெல்லிய செதில்களோ சிறு மணிகளோ ஆன மருந்து. சீக்கிரம் எரியட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் எரிவதற்கும் தள்ளுவதற்கும் குழலில் நீளம் வேண்டும். 2.75 அங்குலத்தில் குண்டு வெளியேறும்போதும் மிச்ச அழுத்தம் நிறைய இருக்கும். அது குண்டுக்கு வேகமாகாமல் வெளியே தீயாகவும் சத்தமாகவும் போய்விடும். தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் இதைவிட நீளமான குழலில் அளந்தது. பட்டதும் விரியட்டும் என்று மூக்கில் குழியிட்ட குண்டுகள் இந்தக் குறைந்த வேகத்தில் விரியாமலும் போகலாம் என்பதால், விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், சின்னக் குழலுக்கென்றே சோதித்த தோட்டாவாகப் பார்த்து வாங்கு.

தோட்டா அளவில் அதிகம் குழம்ப வேண்டாம். 9 மி.மீ. வலிமையானதுதான்; அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .380-க்கு 21,500. அந்த வித்தியாசத்தை உன் வலது மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். ஆறாம் வகுப்பில் தேயிலைச் சரிவில் உருண்டு நீ ஒடித்துக்கொண்ட மணிக்கட்டு அது. மார்கழியில் இன்றும் வலிக்கிறது என்கிறாய். .380 உனக்குப் போதும். அந்த மணிக்கட்டை வைத்தே இன்னொன்றும் சொல்கிறேன். சிறிய பிஸ்டல்களை உறுதியாகப் பிடிக்காவிட்டால், மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடு முழுமையாகப் பின்வாங்காமல் வெற்றுக்கூடு பாதியில் சிக்கிக்கொள்ளும். உன் பட்டியலில் மூன்றாவதாக இருந்த வால்தர் பிபிகே அழகானது. ஆனால் அதில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை, ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்பும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. அதனால் இழுக்க வலிமை அதிகம் வேண்டும், உதையும் கூர்மையாக வரும். குளோக் 42-இல் குழலும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டிக்கொண்டே பின்வாங்கிப் பிறகு பிரிவதால் மென்மையான சுருளே போதுமானதாகிறது. கடையில் எதை எடுத்தாலும், அது காலியாக இருப்பதை விற்பவரோடு நீயும் பார்த்துவிட்டு, ஸ்லைடைப் பத்து முறை இழுத்துப் பார். பத்தாவது முறையும் முதல் முறை போலவே வர வேண்டும்.

குட்டைக் குழல் ரிவால்வரைச் சிலர் உனக்குப் பரிந்துரைப்பார்கள். இழுக்க ஸ்லைடு இல்லை, சிக்கலும் குறைவு. ஆனால் விரலால் அழுத்திச் சுடும் விசையின் இழுப்பு நீளமாகவும் பாரமாகவும் இருக்கும், பெரும்பாலும் ஐந்தே தோட்டா. 2014-இல் கான்பூரில் நிர்பீக் என்று .32 ரிவால்வர் ஒன்றைப் பெண்களுக்கென்று வெளியிட்டபோது, 500 கிராம்தான், கைப்பையில் வைக்கலாம் என்றார்கள். இலேசாக இருப்பது பெண்களுக்குச் செய்யும் உதவி என்ற எண்ணம் அப்போதே எனக்கு உறுத்தியது. உதை வாங்கும் கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கைப்பையில் வைக்காதே. பறிப்பவன் முதலில் பறிப்பது பையைத்தான். பறித்தால் துப்பாக்கியும் அவனுடையது. இடைவாரில், விசையை முழுதும் மூடுகிற விறைப்பான உறையில் வை. என்றாவது குளிர்ச் சட்டைப் பையில் வைக்க நேர்ந்தாலும் உறையோடுதான் வைக்க வேண்டும். அந்தப் பையில் சாவி, காசு, கைக்குட்டை எதுவும் இருக்கக் கூடாது. காரில் விட்டுப்போகும் மணிநேரங்களுக்கு, இருக்கைச் சட்டத்தோடு கம்பியால் பிணைத்த இரும்புப் பெட்டி வேண்டும். காரின் முன்பக்க இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனால் திருடனுக்குக் கொடுத்ததாகிவிடும்.

இனிப் பேரன். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் கிடைத்துவிட்டால் டெக்சாஸிலும் குற்றம். ஆனால் சட்டத்துக்காக நான் இதை எழுதவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அலமாரியின் உச்சியில் ஒளித்த முறுக்கு டப்பாவைக் கண்டுபிடித்ததை நான் உன் வீட்டிலேயே பார்த்தேன். இங்கே உன் பெரிய மாமாவின் எஸ்டேட் துப்பாக்கியை நினைத்துப் பார். ஊட்டியில் ஆட்சியர் அலுவலகத்தில் உரிமம், அதற்குக் காவல்துறை விசாரணை, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பு என்று அலைந்து அலைந்தே, அது எங்கே இருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. உனக்கு அங்கே நினைவூட்ட எந்த அலுவலகமும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்று உன் உடலில், இல்லையேல் பூட்டிய பெட்டியில். தலையணைக்கடியில், மேசை இழுப்பறையில் என்ற பேச்சே வேண்டாம். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று எண்ணிவிடாதே. குழலின் பின்முனையில், சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் குழலறையில் ஒன்று இருக்கலாம், அதை ஸ்லைடை இழுத்துக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். உன் வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகை. குண்டு அதைத் துளைத்துப் பேரன் தூங்கும் அறைக்கும் அண்டை வீட்டுக்கும் போகும் என்பதையும் சேர்த்தே யோசி.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும் உரிமத்துக்கான வகுப்புக்குப் போய்வா. எங்கெங்கே கொண்டுபோகக் கூடாது, எப்போது உருவலாம், எப்போது கூடாது என்பதை அங்கேதான் ஒழுங்காகச் சொல்லித்தருவார்கள். பயிற்சிக்கு, அப்பா பையன்களுக்குச் செய்ததையே செய். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலி என்று இருமுறை பார்த்து, யாரும் இல்லாத பக்கத்துச் செங்கல் சுவரை நோக்கி நீட்டி, குழல் முனைமேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகு. நாணயம் விழாமல் இருபது முறை அழுத்த வந்த பிறகுதான் அவர் தோட்டா கொடுப்பார்.

வரும் விடுமுறை நாளில் அந்தச் சுடுதளத்துக்கு மீண்டும் போ. இம்முறை குளோக்கை முதலிலும் எல்சிபியைப் பிறகும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டு, இரண்டு தாள்களையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. கை பழகியதுதான் காரணம் என்றால் எல்சிபியின் தாள் நன்றாக இருக்கும், அப்போது என் பேச்சை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எதை வாங்கினாலும் காருக்கும் வீட்டுக்குமான இரண்டு பெட்டிகளையும் முதலில் வாங்கிப் பொருத்திவிடு. அதற்கான பணத்தை நான் மாப்பிள்ளை கணக்குக்கு அனுப்புகிறேன்.

உன் அம்மா.