எந்த நாளிலிருந்து? – பாத்திமாவுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள பாத்திமா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. முட்டி வலிக்குத் தைலம் தேய்ப்பதை விட்டு ஒருவழியாக டாக்டரிடம் போய்விட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பேரனுக்குப் பெயர் வைக்க இரண்டு வீட்டுக்கும் நடந்த இழுபறியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கே எல்லோரும் நலம். வெயிலைப் பற்றி எழுதினால் கடிதம் முழுக்க அதுவாகத்தான் இருக்கும், விட்டுவிடுகிறேன்.

“இன்னும் அதே டைட்ரேஷன்தானா?” என்று கேலியாகக் கேட்டிருந்தாய். சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளவு பார்க்கிற அந்த டைட்ரேஷன் எங்கே போகும், இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த செமஸ்டரில் புதிதாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு வேதியியல் பிள்ளைகளையும் விலங்கியல் பிள்ளைகளையும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரே அறையில் உட்காரவைத்து எழுதவைக்கிறேன். பரீட்சை இல்லை, இன்டர்னல் மார்க் இல்லை. அதனால் விருப்பப்பட்டவர்கள்தான் வருகிறார்கள், பஸ்ஸுக்கு நேரம் போகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரையும் சேர்த்து.

ஏன் இந்த வேலை என்றால், ரெக்கார்டு நோட்டுதான் காரணம். ஜூனியர் சீனியரைப் பார்த்து எழுதுகிறான், அந்த சீனியர் தன் சீனியரைப் பார்த்து எழுதியிருக்கிறான். நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவு எல்லாம் எழுத்துப் பிசகாமல் பரம்பரையாக வருகின்றன. பியூரெட் குழாயில் பார்த்த அளவு ஒன்றுதான் சொந்தச் சரக்கு, பல சமயம் அதுவும் இல்லை. முதல் தடவையே மூன்று டைட்ரேஷனிலும் 19.8 மில்லி வந்ததாக எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். பிஎச்.டி.க்குப் பதிவு செய்பவர்களுக்கு ஆராய்ச்சி நெறிமுறை என்று ஒரு பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019இல் கட்டாயமாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே வந்து உட்காருகிற கை ஏழெட்டு வருஷம் பார்த்து எழுதியே பழகிய கை. சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் இந்த வயதில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எழுத எடுத்துக்கொண்ட விஷயம் தாலிடோமைடு: தூக்க மருந்தாக விற்று, கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தார்களே, அந்த மருந்து. உன் விலங்கியல், என் வேதியியல், நாம் இரண்டு பேருமே நேரமில்லை என்று தாண்டிப் போகிற நெறிமுறை, எல்லாம் அந்த ஒரு மாத்திரைக்குள் கிடக்கிறது. ஆளுக்கு மூன்று பக்கம்: மூலக்கூறு எப்படிப்பட்டது, கருவில் என்ன நடந்தது, யார் என்ன செய்திருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம், இங்கிலீஷிலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வேதியியல் பக்கத்தில் அநேகமாக எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: ‘ஆர் வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் இந்தக் கொடுமை நடந்திருக்காது.’ கரிம வேதியியல் கைடு எல்லாவற்றிலும் இருக்கிற வாக்கியம். உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாலிடோமைடில் ஒரு கைரல் கார்பன், அதாவது நான்கு பக்கமும் நான்கு வேறு வேறு தொகுதிகள் ஒட்டிய கார்பன், இருக்கிறது. அதனால் மூலக்கூறு ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் வரும். ஆர் தூக்கம் தரும், எஸ் கருவைச் சிதைக்கும் என்ற பேச்சு 1979இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வை வைத்துப் பரவியது. ஆனால் அந்தக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன், பக்கத்தில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பனைல் தொகுதியால் இளகிப்போய் எளிதில் கழலக்கூடியது. திரும்ப வந்து ஒட்டும்போது எந்தப் பக்கமும் ஒட்டலாம். சுத்தமான ஆர் வடிவத்தைக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் உடம்புக்குள் எஸ் வடிவமும் உண்டாகிவிடும். ஆகவே அந்த வாக்கியம் நிற்காது.

இதைப் பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொன்னேன். ஒரு பையன் ‘ஆர் வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்கும்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். “நடந்திருக்கும் என்பது உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். போய் உட்கார்ந்து பேனாவைக் கடித்தான். மூன்றாவது தடவை கொண்டுவந்ததை அப்படியே தருகிறேன்: ‘ஆர் வடிவம் உடலுக்குள் எஸ் வடிவமாகவும் மாறுவதால், ஆர் வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தால் பாதிப்பைத் தவிர்த்திருக்கலாம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை.’ நீளம்தான், அழகும் இல்லை. ஆனால் தன்னால் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அங்கே நிற்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பசியே தெரியவில்லை, பாத்திமா.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டுப்பாடு அவர்களுக்குத் தெரியாததே இல்லை. ஓர் உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சால்ட் அனாலிசிஸ் நோட்டை நினைத்துப் பார். முதல்நிலைச் சோதனையில் வெள்ளை வீழ்படிவு வந்தால் ‘குளோரைடு இருக்கலாம்’ என்றுதான் எழுதுகிறார்கள். குரோமைல் குளோரைடு சோதனையில் செம்பழுப்பு ஆவி வந்த பிறகுதான் ‘உறுதி’. கண்டது ஒரு கட்டத்தில், அதிலிருந்து கொண்ட முடிவு அடுத்த கட்டத்தில். மூன்று கட்டம் போட்ட அட்டவணையில் இதைத் தப்பாமல் செய்கிற அதே பிள்ளை, கட்டம் இல்லாத வெள்ளைத் தாளைக் கொடுத்தால் கண்டதையும் கொண்டதையும் கலந்து அடித்துவிடுகிறான். எடுத்தவுடனே எல்லாம் ‘உறுதி’. இப்போதெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் ‘முதல்நிலையா, உறுதியா?’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். வேதியியல் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. உங்கள் ஆட்களுக்கு ஒரு தடவை விளக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஆட்களின் பக்கத்தில்தான் நல்ல சண்டை நடந்தது. மருந்து கருவைத் தாக்கும் காலம் 20 முதல் 36 நாள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பக்கத்திலிருந்தவள் 34 முதல் 50 நாள் என்று எழுதியிருந்தாள். இரண்டு பேருமே புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. உனக்கு இந்நேரம் பதில் தெரிந்திருக்கும்: முதலாமவள் கரு உருவான நாளிலிருந்து எண்ணியிருக்கிறாள், இரண்டாமவள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. பதினான்கு நாள் வித்தியாசம். இரண்டும் சரி, ஆனால் ‘எந்த நாளிலிருந்து’ என்று சொல்லாதவரை இரண்டும் அரைகுறை. முதலில் காது, பிறகு கை, அதற்கும் பிறகு கால் என்று மருந்து சாப்பிட்ட நாளைப் பொறுத்துப் பாதிப்பு மாறுகிறது அல்லவா? அங்கே பதினான்கு நாள் பிசகினால் விஷயமே மாறிப்போகும். இதற்கு நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை, அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பெண்களும் இப்போது யார் எந்த எண்ணை எழுதினாலும் “எதிலிருந்து?” என்று கேட்டு மற்றவர்கள் உயிரை வாங்குகிறார்கள்.

சாட்ஜிபிடி வந்ததா என்று கேட்பாய். வராமல் இருக்குமா! சிலருடைய பக்கங்கள் வழவழவென்று வந்தன. நான் திட்டவில்லை. ‘இந்த வரியில் எது கண்டது, எது கொண்டது?’ என்று எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் கையால் எழுதி, அடித்துத் திருத்தி எடுத்துவந்தார்கள். அதில் பிழை அதிகம், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

நெறிமுறைப் பக்கம்தான் படுத்தி எடுத்தது. முதல் வரைவில் எல்லாம் ‘ஈவிரக்கமற்ற’, ‘பணவெறி பிடித்த’, ஆச்சரியக்குறிக்கு மேல் ஆச்சரியக்குறி. கோபம் நியாயமானது, இல்லை என்று சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. ஆனால் யார், எப்போது, எது தெரிந்திருந்தும் என்ன செய்தார்கள் என்பது ஒரு பக்கத்திலும் இல்லை. பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டுத் தேதிகளைப் போடச் சொன்னேன். 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் குரூனந்தால் நிறுவனம் கான்டர்கன் என்ற பெயரில் விற்கத் தொடங்குகிறது. நரம்புப் பாதிப்பு பற்றிய புகார்கள் வருகின்றன, விற்பனை தொடர்கிறது. 1961 நவம்பரில் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் எச்சரித்த பிறகே திரும்பப் பெறுகிறது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012இல். இந்த நான்கு வரியை மட்டும் எழுதிக் கொண்டுவந்த பெண்ணின் பக்கம், ஆச்சரியக்குறிக்காரர்களின் பக்கங்களைவிட என்னை அதிகம் உலுக்கியது. வகுப்பும் அப்படித்தான் சொன்னது.

பிரான்சிஸ் கெல்சியை நீ வகுப்பில் சொல்வதுண்டு, எனக்கு நினைவிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் 1960 ஆகஸ்டில் சேர்ந்தார், அடுத்த மாதமே இந்த மருந்தை அங்கே விற்க அனுமதி கேட்ட விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. அறுபது நாளுக்குள் மறுக்காவிட்டால் மருந்து கடைக்குப் போய்விடும். அவர் ஒவ்வொரு முறையும் ‘இன்னும் தகவல் தேவை’ என்று திருப்பி அனுப்ப, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னது அவருடைய துணிச்சலை அல்ல, அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவர் வாசித்த விதத்தைச் சொன்னேன். டாக்டர்கள் தந்திருந்த அறிக்கைகள் ஒழுங்காகச் செய்த ஆய்வின் முடிவுகளாக இல்லை, நற்சான்றிதழ்கள் போல இருக்கின்றன என்பதுதான் அவர் கண்டுபிடித்த முதல் குறை. ரசாயனப் பகுதியைத் தனியாக ஒரு வேதியியலாளரும், விலங்குச் சோதனைகளைத் தனியாக ஒரு மருந்தியலாளரும் வாசித்தார்கள். அவர்களுக்கும் திருப்தியில்லை. இதைக் கேட்ட பிறகு எங்கள் வகுப்பிலும் ஒருவர் பக்கத்தை வேறு துறைக்காரர்தான் திருத்த வேண்டும் என்று வைத்துவிட்டோம்.

மறுபக்கம் வில்லியம் மெக்பிரைட். அந்த ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் 1961 டிசம்பர் 16ஆம் தேதி லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். சில வரிகள்தான். பொதுவாகப் பிறவிக் குறைகள் சுமார் 1.5 சதவீதம், இந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ 20 சதவீதம் என்று தான் கவனித்ததைச் சொல்கிறார். மருந்துதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. உங்களில் வேறு யாராவது பார்த்தீர்களா என்று கேட்டு முடிக்கிறார். “இவ்வளவுதானா மேடம்?” என்றான் பஸ் கோஷ்டியில் ஒருவன். இவ்வளவுதான்.

அடுத்த வாரம் மீதிக் கதையைச் சொன்னேன். அதே மெக்பிரைட் 1982இல் வேறொரு மருந்து பற்றி வெளியிட்ட முயல் ஆய்வில் எண்ணிக்கையும் மருந்தளவும் மாற்றப்பட்டிருந்தன. இணை ஆசிரியர்களாகப் பெயர் போடப்பட்ட இளைய ஆய்வாளர்களுக்கே அது தெரியாது. 1993இல் மருத்துவர் பதிவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. வகுப்பு அப்படியே வாயடைத்துப் போனது. பிறகு ஒரே கூச்சல். முதல் கடிதத்தின் மதிப்பு குறைகிறதா, இல்லையா? பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். குறையாது என்பது என் கட்சி. அந்தக் கடிதத்தைப் பிறர் சரிபார்க்க முடிந்தது, சரிபார்த்தார்கள், நின்றது. ஆள் வேறு, கடிதம் வேறு. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

இன்னொன்று. உங்கள் துறைப் பெண் ஒருத்தி எழுதியிருந்ததை நான் இன்னும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ‘வகுப்பில் தவளையை அறுக்கக் கூடாது என்கிறோம். சினை முயலுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்காமல் விட்டது தவறு என்றும் சொல்கிறோம். இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாமா?’ நீயும் நானும் படித்தபோது தவளையை மல்லாத்திக் குண்டூசி குத்தி வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், இப்படி ஒரு கேள்வி நமக்கு வந்ததே இல்லை. அவளே பதிலும் முயன்றிருக்கிறாள்: ஒன்றில் ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பப் பார்க்கிறோம், மற்றதில் தெரியாததைத் தெரிந்துகொள்கிறோம் என்று. பாதி சரி என்று தோன்றுகிறது. உன் கருத்தை எழுது.

மருந்து தடை செய்யப்பட்டுவிட்டது என்று முடித்திருந்தவர்களைத் திருத்த நான் சிரமப்படவில்லை. ஒரு பையன் எழுந்து, தன் சித்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இப்போதும் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னான். தொழுநோயில் வரும் வலிமிகுந்த கட்டிகளுக்கு இது கேட்கிறது என்று 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற மருத்துவர் கண்டதை நான் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு காரியம். விலங்கியல் பக்கங்கள் பத்துப் பதினைந்தைத் தபாலில் அனுப்புகிறேன். சிவப்பு மை வேண்டாம், பென்சிலால் ஓரத்தில் எழுது, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். எலிகளில் பெரிதாக எதுவும் தெரியாதது முயலிலும் மனிதரிலும் ஏன் வந்தது என்று ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. இந்த மருந்து உடம்புக்குள் போய் ஒட்டுவது செரெப்ளான் என்ற புரதத்தில் என்று 2010இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது வரைக்கும் எப்படியோ சமாளித்தேன். அதற்கு மேல் போனதும், “பாத்திமா மேடம் நேரில் வந்து சொல்வார்” என்று உன் தலையில் கட்டிவிட்டேன். முட்டி ஒத்துழைத்தால் அடுத்த மாதம் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர். நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மா உனக்காக சொதி வைக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
கஸ்தூரி